திமிங்கிலம் மீனைத் தின்று தீர்க்கிறதா? வகுப்பறையில் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

சென்னை ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காசிமேட்டுக்காரர்கள். அப்பாவோ சித்தப்பாவோ லாஞ்சில் போகிறவர், அம்மாவோ அத்தையோ மீன் விற்கிறவர். உணவுச் சங்கிலி என்று தலைப்பு எழுதி, புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வரைந்தால் கொட்டாவி விடுவார்கள். கடலை வரைந்தால் என்னைப் பேசவே விட மாட்டார்கள். “ஓங்கலும் திமிங்கிலமும் பெருத்துப்போச்சு மிஸ், அதான் வலையில மீன் இல்ல. எங்க நைனா சொன்னாரு.” (ஓங்கல் என்றால் டால்பின்.) எந்த வருடமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இதை உடனே மறுக்காதீர்கள். கடலுக்குப் போகிறவர் சொன்னதைப் பாடப்புத்தகத்தை வைத்து அடித்தால், பிள்ளை வீட்டுப் பக்கம் நின்றுவிடும், அது சரியும்கூட. அதோடு, இது ஏதோ காசிமேட்டில் மட்டும் பேசுகிற பேச்சு இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய ஆய்வாளர்கள், திமிங்கிலங்கள் தின்பது உலக மீன்பிடிப்பைப் போலப் பல மடங்கு என்று கணக்குக் கொடுத்தார்கள். திமிங்கில வேட்டைக்கு ஆதரவாக அந்தக் கணக்கு சர்வதேசக் கூட்டங்கள் வரை போனது. ஆகவே கேள்வி கனமானதுதான். அதைப் பிள்ளைகளே எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் யாருக்கும் சரிவரும். இரண்டு பீரியட், ஒரு சனிக்கிழமைக் காலை, கொஞ்சம் மீன் குடல். வேறு செலவு பெரிதாக இல்லை.

முதலில் அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதுங்கள். அப்புறம் அதைச் சுற்றி மூன்று கேள்வி: எந்தத் திமிங்கிலம்? எந்தக் கடல்? எந்த மீன்? இந்த மூன்றையும் கேட்காமல் எத்தனை டன் என்று பேசுவதில் பயனில்லை. “திமிங்கிலம்னா திமிங்கிலம்தான் மிஸ்” என்பார்கள். அங்கேதான் ஆரம்பம்.

பல் உள்ளவை, பல் இல்லாதவை என்று இரண்டு பத்தி போடுங்கள். பல் உள்ள பக்கத்தில் ஓங்கல் வரும், பைலட் திமிங்கிலம் வரும், எண்ணெய்த் திமிங்கிலம் வரும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, ஆலந்தலை பக்கம் கூட்டமாகக் கரை ஒதுங்கினவே, அவை பைலட் திமிங்கிலங்கள். அவற்றுக்கு முக்கிய உணவு கணவாய். எண்ணெய்த் திமிங்கிலமும் கணவாய்க்காரன்தான். ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போய்த் தேடித் தின்னும். அந்த ஆழத்தில் நம்ம லாஞ்சு வலைக்கு வேலையே இல்லை. பல் இல்லாத பக்கத்தில் நீலத் திமிங்கிலமும் பிரைட்ஸ் திமிங்கிலமும். நீலத்துக்குப் பொடி இறால்தான் உயிர். பிரைட்ஸ் மட்டும் நெத்திலி, கவலை போன்ற சிறு மீன் கூட்டங்களைத் தேடிப் போகும். நம் கடலில் இருக்கிற பெரிய திமிங்கிலங்களில் நைனாவின் புகார் கொஞ்சமாவது பொருந்துகிற ஆள் இது ஒன்றுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திமிங்கிலச் சுறாவைக் கட்டாயம் யாராவது இழுத்துவருவார்கள். அது மீன், இந்தக் கணக்கிலேயே சேராது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. முடிந்தால் அழைத்துப் போங்கள், முடியாவிட்டாலும் பாடம் நிற்காது.

இனி சனிக்கிழமை வேலை. என்னைக் கேட்டால் மொத்தத்தில் இதுதான் உயிர்நாடி.

திமிங்கிலத்தின் வயிற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. மீனின் வயிற்றைக் காட்டலாம். விடிகாலையில் காசிமேடு போய்விடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஏல நேரத்தில் அங்கே நிற்கவே இடமிருக்காது, தரையெல்லாம் வழுக்கும், ஐஸ் பெட்டி இழுக்கிறவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய், “அக்கா, பள்ளிக்கூடத்துக்கு வேணும், குடலைத் தூக்கிப் போடாம இதுல போடுங்க” என்று ஒரு தூக்கு வாளியைக் கொடுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். அடுத்த தடவை அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள். வஞ்சிரம், சூரை, பாறை மூன்றின் குடலும் தனித்தனிக் கவரில் வேண்டும் என்று சொல்லுங்கள். கலந்துவிட்டால் ஒன்றும் விளங்காது. அதோடு முழு மீனாகக் கொஞ்சம் கவலை, கொஞ்சம் காணாங்கெளுத்தி. மேலே ஐஸ் கொட்டிக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்த வாளியைத் திறந்தால் உங்கள் பாடம் தலைமையாசிரியர் அறைவரைக்கும் போகும்.

ஆய்வகத்தில் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்து, ஒரு மேசைக்கு ஒரு வகை மீன் என்று பிரித்துக் கொடுங்கள். கையுறை, சின்னக் கத்தரிக்கோல், வெள்ளைத் தட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். மேசைக்கு ஒரு ஆளாவது வீட்டில் மீன் கழுவிப் பழக்கப்பட்டவராக இருக்கட்டும். அன்றைக்கு அவர்தான் அந்த மேசைக்கு வாத்தியார். இரைப்பையைக் கண்டுபிடித்து நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் அலசித் தட்டில் பரப்பச் சொல்லுங்கள்.

கவலையிலும் காணாங்கெளுத்தியிலும் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு கூழ்தான் வரும். பிள்ளைகள் முகம் சுளித்து, “ஒண்ணுமே இல்ல மிஸ்” என்பார்கள். அந்தக் கூழில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். கண்ணாடித் துண்டு போலப் பாசிகளும், காலும் உணர்கொம்பும் உடைந்த குட்டிக் குட்டி ஓட்டுயிர்களும் தெரியும்.

சூரையின் தட்டு வேறு. நெத்திலி வரும். முழுசாக வராது, தோலின் வெள்ளி போய், சதை வெந்தது மாதிரி வெளுத்து, முதுகெலும்பு மட்டும் நேராக நிற்கும். இன்னும் செரித்திருந்தால் அதுவும் போய், வெள்ளை மணி ஒன்றிரண்டு மட்டும் தட்டில் உருளும். அது மீனின் கண் வில்லை. அதைவிடக் கெட்டியாக, பட்டையாக இருந்தால் காதுக்கல். எந்த மீனைத் தின்றது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதே அந்தக் காதுக்கல்லை வைத்துத்தான். கணவாய் தின்றிருந்தால் கறுப்பாக ஒரு அலகு மிஞ்சும், செரிக்காது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றிலும் இதே அலகுகள்தான் ஆயிரக்கணக்கில் சேரும். அதன் குடலில் உண்டாகிற, செய்தித்தாளில் ‘கடத்தல், கோடிக்கணக்கில் மதிப்பு’ என்று வருகிற அம்பர்கிரீஸ் என்ற மெழுகு போன்ற கட்டிக்குள்ளும் அவை புதைந்திருக்கும். (இங்கே ஒரு எச்சரிக்கை: அம்பர்கிரீஸ் என்றவுடன் வகுப்பு மொத்தமும் விலை விசாரிக்கும். வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள். இல்லாவிட்டால் அந்த பீரியட் போச்சு.)

பல இரைப்பைகள் காலியாக இருக்கும். வலையிலோ தூண்டிலிலோ மாட்டிய மீன் கக்கிவிடுவதும் உண்டு. காலி என்பதையும் எழுதச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பதிவு.

எல்லா மேசையும் முடித்ததும் பலகையில் ஒரே ஒரு கேள்வி: “மீனை அதிகமாகத் தின்பது யார்?” சூரைத் தட்டையும் வஞ்சிரத் தட்டையும் பார்த்தவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். மீன்தான் மீனைத் தின்கிறது. பல கடல்களில் ஆய்வாளர்கள் போட்ட கணக்கும் அதுதான்: மீன்களுக்குப் போகிற பங்கு, கடல் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் போவதைவிடப் பெரிது. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நெத்திலியைத் தின்கிற பெரிய மீனையும் ஓங்கல் தின்கிறது. அந்த ஓங்கலை எடுத்துவிட்டால் நெத்திலி கூடுமா, குறையுமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும்.

மேசைகளைத் துடைக்க சோப்பு மட்டும் போதாது. புளித்தண்ணீரோ எலுமிச்சையோ போட்டுக் கழுவினால்தான் வாடை போகும்.

அடுத்த வகுப்பில் பெரிய கணக்கு. அதற்கு முன்னால் மேசைமேல் ஒரு பிடி சென்னாக்குன்னியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, போடுங்கள். கருவாட்டுக் கடையில் கிடைக்கும். நீலத் திமிங்கிலம் தின்கிற, இறால் போன்ற சிற்றுயிரான கிரிலை, அண்டார்டிகாவின் கிரில் என்று பாடப்புத்தகத்தில் படம் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. இது வீட்டில் தொக்கு செய்கிற சாமான். இரண்டும் ஒன்றில்லை, ஆனால் அளவும் கூட்டமாகத் திரிகிற குணமும் கிட்டத்தட்ட அதே. இலங்கையைச் சுற்றியிருக்கிற நீலத் திமிங்கிலங்களின் சாணத்தில் மரபணு பார்த்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியானது. அவை அதிகம் தின்பது கிரில் இல்லை, சென்னாக்குன்னியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகை இறால் என்று அதில் தெரிந்தது. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் வரும். வரைபடத்தில் சென்னையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பக்கத்து ஊர் என்றே நினைப்பார்கள்.

எப்படித் தின்கிறது என்பதற்கு வீட்டில் கஞ்சி வடிப்பதைச் சொன்னால் போதும். வாயைப் பிளந்து தண்ணீரோடு கூட்டத்தையே அள்ளும், பிறகு தண்ணீரை மட்டும் வெளியே தள்ளும். தட்டு சோற்றைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி, மேல்வாயில் தொங்குகிற நார்த்தட்டுகள் இறாலை நிறுத்திக்கொள்ளும். இறால் கூட்டம் அடர்த்தியாக இருக்கிற இடத்தில்தான் இது கட்டுப்படியாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரிகிற இரைக்கு வாயைத் திறந்தால் திமிங்கிலத்துக்கு நஷ்டம்.

இப்போது எண்கள். உடம்பில் கருவி ஒட்டி அளந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழக்குப் பசிபிக்கில் ஒரு நீலத் திமிங்கிலம் இரை தேடும் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 16 டன் கிரில் தின்கிறது. அதற்கு முன்பு நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வருடம் முழுக்க இப்படித் தின்பதில்லை, சில மாதம்தான். நூறு நாள் என்று வைத்துக்கொண்டால் 1,600 டன். “பார்த்தீங்களா மிஸ்!” என்று ஒரு குரல் வரும். வரட்டும். அப்புறம் கேளுங்கள்: அந்த 1,600 டன்னைத் திமிங்கிலம் தின்னாமல் விட்டால் நமக்கு 1,600 டன் மீன் கிடைக்குமா?

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மிச்சம் மூச்சிலும் அசைவிலும் போய்விடும். ஆக 1,600 டன் பொடி இறாலை மீன் தின்றால் 160 டன் மீன். அந்த மீனை இன்னொரு பெரிய மீன் தின்று, அதை நாம் பிடித்தால் 16 டன். அதுவும், விட்ட இறாலையெல்லாம் நாம் பிடிக்கிற மீனே தின்னும் என்று வைத்துக்கொண்டால்தான். பென்குயினும் கடல்நாயும் கணவாயும் சும்மா இருக்குமா?

இந்த இடத்தில் கயிறு விளையாட்டு ஒன்று பயிற்சி முகாம்களில் சொல்லித்தருவார்கள்: ஆளுக்கொரு உயிரினப் பெயர், நடுவே கயிறு, ஒருவர் விட்டால் எல்லாரும் ஆடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யார் விட்டாலும் கயிறு ஒரே மாதிரிதான் தொய்யும், கடல் அப்படித் தொய்வதில்லை. அதற்குப் பதில் உண்மையில் நடந்த ஒரு சோதனையை வைத்து வாக்கெடுப்பு நடத்துங்கள்.

சோதனை இதுதான். இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்க ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள், அதில் பெரும்பகுதி அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கிற தென்கடலில். அந்த வேட்டைக்கு முன்னால் தென்கடலின் பெரிய திமிங்கிலங்கள் மட்டும் வருடத்துக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்கும் என்பது அதே 2021 ஆய்வின் மதிப்பீடு. இன்று உலகம் முழுவதும் கடலில் பிடிக்கிற மீன் வருடத்துக்குச் சுமார் 8 கோடி டன். வணிக வேட்டைக்கு 1986-இல் தடை நடைமுறைக்கு வருவதற்குள் தின்கிற வாய்கள் பெரும்பாலும் போய்விட்டன. அப்படியானால் கிரில் என்ன ஆகியிருக்கும்? பெருகியிருக்கும் என்பவர்கள் கை தூக்குங்கள். கிட்டத்தட்ட எல்லாக் கையும் தூக்கும். பெருகவில்லை. தென் அட்லாண்டிக்கின் அண்டார்டிகப் பகுதியில் 1970-களுக்குப் பிறகு கிரில் குறைந்துதான் போனது.

அடுத்த ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். காரணத்தை அவர்களே யோசிக்கட்டும். நோய், வெப்பம், வேறு யாரோ பிடிக்கிறார்கள் என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். வெப்பமும் கடல்பனி குறைவதும் உண்மையிலேயே காரணங்கள், சொன்னவரைப் பாராட்டுங்கள். ஆனால் சாணத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

தென்கடலில் வெயில் உண்டு, நைட்ரேட் உண்டு, இரும்புச் சத்துதான் பற்றாக்குறை. இரும்பு இல்லாமல் நுண்பாசி வளராது, பாசி இல்லாமல் கிரில் இல்லை. கிரிலின் உடம்பில் இரும்பு இருக்கிறது. அதைத் தின்கிற திமிங்கிலத்தின் சாணத்தில் அந்தக் கடல்நீரில் இருப்பதைப் போல ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதாக 2010-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். திமிங்கிலம் சாணம் போடுவது பெரும்பாலும் மேலே வந்து மூச்சு வாங்கும்போது. அது கட்டியாக விழாது, செம்மண் கரைத்த மாதிரி மேற்பரப்பில் பரவும். வெயில் படுகிற இடத்திலேயே உரம் விழுகிறது. அதே 2010-இல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் இன்னொரு கணக்கு: அங்குள்ள திமிங்கிலங்களும் கடல்நாய்களும் மேற்பரப்பில் சேர்க்கிற நைட்ரஜன் வருடத்துக்குச் சுமார் 23,000 டன், அந்த வளைகுடாவில் விழுகிற எல்லா ஆறுகளும் கொண்டுவருவதைவிட அதிகம். தாத்தாவுக்குத் தோட்டம் இருக்கிற பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இந்த உற்சாகத்தில், வங்கக் கடலிலும் திமிங்கிலச் சாணம்தான் மீனைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிடாதீர்கள். நம் கடலின் சிக்கல் வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருகிற நன்னீர் மேலே ஒரு படலமாக மிதப்பதால், அடியிலிருக்கிற சத்து சுலபமாக மேலே ஏறுவதில்லை. ஓரிடத்துக் கணக்கை இன்னோரிடத்தில் அப்படியே ஒட்டக் கூடாது என்பதைச் சொல்ல இதுவே நல்ல வாய்ப்பு.

மறுபக்கத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அலாஸ்காவில் நெடுந்தூண்டிலில் மாட்டிய மீனை எண்ணெய்த் திமிங்கிலங்கள் கயிற்றிலிருந்தே உருவிக்கொண்டு போவது மீனவர்களுக்கு நிஜமான நஷ்டம். அங்கேயே, பொரிப்பகத்திலிருந்து சால்மன் குஞ்சுகளைக் கடலில் விடும் இடத்தில் கூனல் திமிங்கிலங்கள் காத்திருந்து தின்கின்றன. இதையெல்லாம் சொன்னால்தான் மீனவர் வீட்டுப் பிள்ளை உங்களை நம்பும். ஓர் இடத்தில், ஒரு தொழிலுக்கு இடைஞ்சல் என்பது உண்மை. அதைவிட்டு, திமிங்கிலத்தை ஒழித்தால் பிடிப்பு கூடுமா என்று வடமேற்கு ஆப்பிரிக்கக் கடலுக்கும் கரீபியன் கடலுக்கும் கணினியில் போட்டுப் பார்த்து, 2009-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். மொத்தத் திமிங்கிலத்தையும் எடுத்தாலும் மீன்பிடிக்குச் சொல்லும்படி லாபமில்லை. மீன்பிடிப்பின் அளவை மாற்றினால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

நம்ம பக்கத்து உதாரணம் கேரளத்து மத்தி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 2012-இல் அங்கே சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது; 2021-இல் சுமார் 3,300 டன். இடையில் திமிங்கிலப் படை ஒன்றும் வந்து இறங்கவில்லை. கடல் சூடு, பாசி, மழை, குஞ்சு மீனை வாரியெடுப்பது என்று பேச நிறைய இருக்கிறது.

இங்கே ஒரு பிள்ளையாவது கேட்கும்: “அப்போ எங்க நைனாதான் காரணமா மிஸ்?” இதற்குத் தயாராகப் போங்கள். வகுப்பறையை விசாரணைக் கூடமாக்க வேண்டாம். இழுவலையின் கண்ணி அளவு, சுருக்குமடி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையின் தடைக்காலம், குஞ்சு மீனுக்கு எந்தக் கடையில் விலை கிடைக்கிறது, அதை வாங்குவது யார் என்று பேச்சைத் திருப்புங்கள். நைனாவைவிட அந்தக் கடைக்குப் பதில் சொல்ல வேண்டியது அதிகம். வீட்டில் போய்க் கேட்டுவரச் சொல்ல ஒரே கேள்வி கொடுங்கள்: “நீங்க சின்ன வயசுல எந்த மீன் அதிகம் வந்துச்சு, இப்ப எது வருது?” தாத்தா இருக்கிற வீட்டிலிருந்து வருகிற பதில்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

எப்போது நடத்துவது? தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பிய பிறகு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ. மீன் தாராளமாக இருக்கும், குடலும் வகைவகையாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் வேண்டாம், புயல் எச்சரிக்கை வந்தால் வாளி காலியாகவே திரும்பும்.

தேர்வில் நான் கேட்கிற கேள்வி இது: ‘நீலத் திமிங்கிலங்கள் கூடினால் காசிமேட்டில் வஞ்சிரம் குறையுமா? விளக்குக.’ ஐந்து மதிப்பெண். குறையும் என்று எழுதினாலும் குறையாது என்று எழுதினாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. நீலத் திமிங்கிலம் என்ன தின்னும், வஞ்சிரம் என்ன தின்னும் என்று இரண்டையும் எழுதாத தாளுக்கு மட்டும் இரண்டைக் குறைத்துவிடுவேன்.